விண்டோஸ் 10லிருந்து மின்ட்டுக்கு மாறினால் பாமினிக் கோப்புகள் என்ன ஆகும்?

14.07.2025
(காங்கேயத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டது)

எங்கள் கடையில் 2013இல் வாங்கிய இரண்டு கணினிகள் இன்னும் நன்றாக ஓடுகின்றன. விண்டோஸ் 10க்கான ஆதரவு அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிகிறது. விண்டோஸ் 11 இவற்றில் ஏறாது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளுங்கள், ஒரு மணி நேர வேலை என்று எல்லோரும் சொல்கிறார்கள். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து வைத்த கோப்புகள் என்ன ஆகும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அச்சகம் நடத்துபவர்கள் யாராவது மாறியிருக்கிறீர்களா?

17.07.2025, காலை

நான் இன்னும் மாறவில்லை. இன்று மாறப்போகிறேன்.

எங்களுடையது கோபிசெட்டிபாளையத்தில் ஒரு சிறிய அச்சகம். அப்பா ஈய எழுத்தும் டிரெடில் இயந்திரமும் வைத்துத் தொடங்கியது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, புதுமனை புகுவிழா, கோயில் துண்டறிக்கை, பில் புத்தகம் என்று வேலை வருகிறது. உங்களைப் போலவே 2013இல் வாங்கிய இரண்டு கணினிகள்தான் எங்களிடமும் இருக்கின்றன. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். எங்களுடையது மூன்றாம் தலைமுறை. ஓடுகிற இயந்திரத்தைத் தூக்கிப்போட எனக்கு மனம் வரவில்லை.

இன்று ஆடி ஒன்று. இந்த மாதம் முகூர்த்தம் கிடையாது. ஆவணி பிறந்துவிட்டால் மூச்சுவிட நேரம் இருக்காது. அதற்குள் முடித்தாக வேண்டும். நடப்பதை இங்கேயே எழுதுகிறேன்.

17.07.2025, இரவு

நிறுவும் வேலை மட்டும் என்றால் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதை ஒப்புக்கொள்கிறேன். பழைய ஹார்ட்டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டேன், 4 ஜிபி ராமை 8 ஆக்கினேன், பென்டிரைவிலிருந்து மின்ட் 22.1 நாற்பது நிமிடத்தில் ஏறிவிட்டது. இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம், எல்லாம் பழகிய இடத்தில் இருந்தன. பொத்தானை அழுத்தினால் டீ குடித்துவிட்டு வரும் வரை காக்க வைத்த கணினி இப்போது இருபது நொடியில் தயாராகிறது. கழற்றிய ஹார்ட்டிஸ்க்கை அழிக்காமல் துணியில் சுற்றி பீரோவில் வைத்திருக்கிறேன். வேறு எதை மறந்தாலும் இதை யாரும் மறக்க வேண்டாம்.

பிறகு ஒரு பழைய கோப்பைத் திறந்தேன். போன தை மாதம் அடித்த நிச்சயதார்த்தப் பத்திரிகை. 'தமிழ்' என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. பக்கம் முழுவதும் இதே கதைதான். மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், தாய்மாமன் வரிசை, குலதெய்வம், ஒன்றும் மிஞ்சவில்லை.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாமினி என்பது ஆங்கில எழுத்துக்குப் போட்ட தமிழ்ச் சட்டை. கோப்புக்குள் இருப்பது ஜே என்ற எழுத்துதான். அந்த எழுத்துரு, ஜே வரும் இடத்தில் 'த' என்று வரைந்து காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் சட்டை கழன்று ஜே வெளியே தெரிகிறது. இருபது வருடமாக இது எனக்குத் தெரியும். இன்று கண்ணால் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது.

18.07.2025

பதற்றம் பாதி தணிந்தது. பாமினி எழுத்துருவை மின்ட்டில் நிறுவியதும், வேர்டு கோப்புகள் அதோடு வரும் லிப்ரே ஆபீஸ் மென்பொருளில் தமிழாகத் திறந்தன. அளவு அங்கங்கே மாறியிருக்கிறது, ஆனால் படிக்க முடிகிறது.

பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளின் கோப்புகள் திறக்கவில்லை. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001இல். லினக்ஸுக்கு அது வந்ததே இல்லை. எங்கள் பத்திரிகைகளில் முக்கால்வாசி அதில்தான் இருக்கின்றன. அதனால் கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸை மின்ட்டுக்குள் நிறுவி, அதற்குள் எங்களிடம் இருந்த பழைய விண்டோஸ் எக்ஸ்பி குறுந்தகட்டைப் போட்டு, அதற்குள் பேஜ்மேக்கரைப் போட்டேன். வீட்டுக்குள் ஓர் அறை, அறைக்குள் ஒரு பெட்டி, பெட்டிக்குள் ஒரு டப்பா. டப்பா திறக்கிறது. இணையத்தோடு அதை இணைக்கவில்லை. எக்ஸ்பிக்கு ஆதரவு 2014லேயே முடிந்துவிட்டது.

21.07.2025

காங்கேயத்து நண்பர் கேட்ட கேள்விக்கு இன்றுதான் நேரான பதில் கிடைத்தது. அது கணினியிலிருந்து வரவில்லை, விரலிலிருந்து வந்தது.

எங்களிடம் தட்டச்சு செய்யும் அக்கா நம்பியூரிலிருந்து பஸ்ஸில் வருகிறார். பதினெட்டு வருடமாக எங்களோடு இருக்கிறார். தமிழ்த் தட்டச்சில் முதுநிலை தேறியவர். பாமினியின் விசை வரிசை பழைய தட்டச்சு இயந்திரத்தின் வழியிலேயே அமைந்தது. அதனால் அவர் விசைப்பலகையைப் பார்ப்பதே இல்லை. தாளில் கண், விசையில் விரல், வாயில் பேச்சு மூன்றும் தனித்தனியாக நடக்கும்.

இன்று லிப்ரே ஆபீஸில் பாமினியிலேயே ஒரு காதுகுத்துப் பத்திரிகை அடித்தார். 'தங்கள்' என்று அடித்தால் 'துங்கள்' என்று வருகிறது. 'மகிழ்ச்சியுடன்' என்றால் 'முகிழ்ச்சியுடன்'. திரும்பத் திரும்ப அழித்து அடித்தார், மீண்டும் அதே. "தம்பி, என் கை கெட்டுப்போய்விட்டதா?" என்று கேட்டார். குரல் உடைந்திருந்தது. எனக்குத் தாங்கவில்லை.

கை கெடவில்லை. வாக்கியத்தின் முதல் எழுத்தை ஆங்கிலத்தில் பெரிய எழுத்தாக மாற்றும் தானியங்கித் திருத்தம் லிப்ரே ஆபீஸில் உண்டு. பாமினியில் சிறிய ஜே 'த', பெரிய ஜே 'து'. சிறிய கே 'ம', பெரிய கே 'மு'. தமிழ் என்று தெரியாமல் மென்பொருள் ஆங்கில இலக்கணத்தைத் திருத்திக்கொண்டிருந்தது. அந்த ஓர் அமைப்பை நிறுத்தியதும் சரியானது. கண்டுபிடிக்க எனக்கு மூன்று மணி நேரம் ஆனது.

சங்ககிரியிலிருந்து ஒருவர், எல்லாச் சொற்களுக்கும் அடியில் சிவப்பு நெளிகோடு வருகிறதே என்று கேட்டிருந்தார். காரணம் இதேதான். எழுத்துப்பிழை திருத்தியையும் அணைத்துவிடுங்கள்.

23.07.2025

21ஆம் தேதி எழுதியதை மீண்டும் படித்தேன். நான் செய்தது ஒட்டுப்போடும் வேலை. புதிய கணினியிலும் ஆங்கிலத்துக்குச் சட்டை மாட்டிக்கொண்டே இருந்தால், அடுத்த மாற்றத்திலும் இதே அழுகைதான். புதிதாக அடிப்பவற்றையாவது, தமிழைத் தமிழாகவே சேமிக்கும் பொதுக் குறியீடான யூனிகோடில் அடிக்க வேண்டும் என்று அக்காவிடம் சொன்னேன். "பழகிக்கொள்கிறேன் தம்பி, ஆவணிக்குள் வேகத்தைக் கேட்காதீர்கள்" என்றார். நியாயமான பேச்சு.

25.07.2025

யூனிகோடில் அடிக்க அக்கா பழகும் தமிழ்99 விசைப்பலகை முறை பற்றி.

மின்ட்டின் விசைப்பலகை அமைப்புகளில் தமிழ்நெட் 99 என்று ஒன்று இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்துவிட்டு ஒரு நாள் முழுவதும் திண்டாடினோம். தமிழ்99இன் அழகே தானாக விழும் புள்ளிதான். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழ வேண்டும். ங்-க, ஞ்-ச, ண்-ட, ந்-த, ம்-ப, ன்-ற இணைகளுக்கும் அப்படியே. இந்தப் பட்டியலில் இருந்ததில் அது நடக்கவில்லை. 'அக்கா' என்று அடித்தால் புள்ளி இல்லை.

அந்தப் பட்டியல் விசைக்கு எழுத்து என்று நேருக்கு நேர் பொருத்துவதோடு சரி. முன் வந்த எழுத்தைப் பார்த்து அடுத்ததை முடிவு செய்ய அதற்கு வழியில்லை. அதற்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள், கூடவே எம்17என் என்ற தொகுப்பு வேண்டும். இரண்டையும் நிறுவி, வெளியேறி உள்ளே வந்து, அதிலிருக்கும் தமிழ்99ஐத் தேர்ந்தெடுத்ததும் புள்ளிகள் மழைத்துளி போல விழுந்தன. இதைப் படிப்பவர்களுக்கு அந்த ஒரு நாளாவது மிச்சமாகட்டும்.

எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு. 'நாமம்' என்று அடித்தால் 'நாம்ம்' என்று வருகிறது. இரண்டு ம-வுக்கும் நடுவில் 'அ' விசையைத் தட்ட வேண்டும். பெயர்சூட்டு விழாப் பத்திரிகை அடிக்கும்போது இது தெரிந்தது.

26.07.2025

அக்கா ஒன்று கண்டுபிடித்தார். பாமினியிலும் தமிழ்99இலும் கே விசையில் 'ம'தான் இருக்கிறதாம். சரிபார்த்தேன், உண்மை. புதிய ஊருக்குக் குடிபோன இடத்தில் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு.

மற்ற எல்லாம் புரண்டு கிடக்கின்றன. வரிசைகூடப் பெரிதில்லை, முறைதான் பெரிது. பாமினியில் 'கோ' என்று எழுத, கண்ணில் தெரியும் வரிசைப்படி முதலில் இரட்டைக்கொம்பு, பிறகு க, பிறகு கால் என்று மூன்று தட்டு. தமிழ்99இல் க, ஓ என்று இரண்டே தட்டு. வாயால் சொல்லும் வரிசை. கொம்பை முதலில் போட்டுப் பழகிய விரல், க-வைத் தட்டும் முன் ஒரு கணம் காற்றில் நிற்கிறது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அந்த ஒரு கணம் ஒரு பத்திரிகையில் நூறு தடவை வருகிறது.

29.07.2025

சின்னச் சின்னத் தொல்லைகள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சி டிரைவ், டி டிரைவ் என்று எதுவும் இல்லை. எல்லாம் ஒரே மரத்தின் கிளைகள். மூன்று நாளில் பழகிவிட்டது. கோப்புப் பெயரில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. ஒரே வாடிக்கையாளர் பெயரில் இரண்டு கோப்பு சேமித்து, திருத்தாததை அச்சுக்கு அனுப்பப் பார்த்தேன். அக்கா மெய்ப்பில் பிடித்துவிட்டார்.

கோப்புப் பெயரையே தமிழில் வைக்கலாம் என்று பிறகுதான் உறைத்தது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து ஏது?

03.08.2025

ஆடிப்பெருக்கு. காலையில் கொடிவேரிப் பக்கம் தலை காட்ட முடியாத கூட்டம். மதியம் கடையில் அப்பாவும் நானும் மட்டும். அவருக்குக் கணினியில் ஈடுபாடு இல்லை. நான் புலம்புவதைக் கேட்டுவிட்டு, 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது என்ன நடந்தது என்று சொன்னார். அப்போது அவர் ஈரோட்டில் அச்சுக்கோப்பவராக வேலை கற்றுக்கொண்டிருந்தார்.

அதுவரை ணை, லை, ளை, னை எல்லாவற்றுக்கும் யானைத் துதிக்கை போலச் சுழித்த தனி எழுத்து. ணா, றா, னா மூன்றுக்கும் தனித்தனி வடிவம். ஒவ்வொன்றுக்கும் பெட்டியில் ஓர் அறை. அரசாணை வந்த பிறகு பழைய எழுத்துகளை எடுத்து ஒதுக்கினார்கள். எழுத்தை ஒதுக்கினாலும் கை அந்த அறைக்கே போகும் என்றார். காலி அறையில் விரல் நகம் மரத்தில் தட்டும் சத்தம் மாதக்கணக்கில் கேட்டதாம். சொல்லும்போது மேசை விளிம்பில் நகத்தால் தட்டிக் காட்டினார்.

அக்காவிடம் இதைச் சொல்ல வேண்டும்.

04.08.2025

சொன்னேன். "எத்தனை மாதத்தில் சரியானது என்று கேட்டீர்களா?" என்றார். கேட்கவில்லை. மாலையில் அப்பாவிடம் கேட்டேன். நாலு மாதம் என்றார்.

09.08.2025

அச்சுப்பொறி. இதைப் பற்றி நிறைய எழுத வேண்டியிருக்கிறது. எழுதினால் கோபம்தான் வருகிறது.

எங்கள் லேசர் அச்சுப்பொறி எந்த நிறுவனத்துடையது என்று சொல்லப்போவதில்லை. மின்ட் அதைத் தானாகவே அடையாளம் கண்டது, அச்சிட்டது. மகிழ்ந்தேன். சிவகாசியிலிருந்து வந்த அட்டையில் பிள்ளையார் படமும் பொன்னிற ஓரமும் முன்பே அச்சாகியிருக்கும். நடுவில் நாங்கள் ஸ்கிரீன் பிரிண்டிங்கில் எழுத்தை இறக்குவோம். அதற்கு ட்ரேசிங் தாளில் லேசர் பிரதி எடுக்க வேண்டும். எடுத்தேன், ஸ்கிரீன் தயாரானது, முதல் அட்டை இறங்கியது. எழுத்துக் கட்டம் ஓரத்தை விட்டு உள்ளே சுருங்கி நின்றது. தாலியைக் கழற்றிய கழுத்துபோல வெறிச்சென்று இருந்தது அட்டை.

10 செ.மீ. கோடு ஒன்றை வரைந்து அச்சிட்டு ஸ்கேல் வைத்து அளந்தேன். 9.7 செ.மீ. 'தாளுக்குப் பொருத்து' என்ற குறி இயல்பாகவே விழுந்திருந்தது. அதை 'உண்மை அளவு' என்று மாற்றியதும் 10 சரியாக வந்தது. விண்டோஸில் இதே குறியை என்றோ ஒரு நாள் மாற்றி வைத்துவிட்டு மறந்திருக்கிறேன். புதிய இடத்தில் நம்மை மடக்குபவை பெரும்பாலும் இப்படி எப்போதோ செய்து மறந்தவைதான். புதிய கணினியில் அச்சுப்பொறி வைத்ததும் முதல் வேலையாக அந்த 10 செ.மீ. கோட்டை அச்சிட்டுப் பாருங்கள்.

ஸ்கிரீனும் நாற்பது அட்டையும் வீணாயின.

19.08.2025

ஆவணி பிறந்து மூன்றாம் நாள். ஒன்றை நேராகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது கணினியில் மின்ட் போடவில்லை. விண்டோஸ் 10 அப்படியே இருக்கிறது. நேற்று ஒரே நாளில் ஏழு பத்திரிகை. அக்காவை அதன் முன் உட்கார வைத்துப் பாமினியில் அடிக்கச் சொன்னேன். இரண்டு மணி நேரத்தில் முடித்தார். விரல் ஓடும் சத்தம் கேட்டு எனக்கே நிம்மதி.

அது சரியா என்று இரவெல்லாம் யோசித்தேன். திருமணத் தேதி நமக்காகக் காத்திருக்காது. சரிதான்.

21.08.2025

திருச்செங்கோட்டு நண்பர் கடுமையாகக் கேட்டிருக்கிறார்: "பாதியில் பின்வாங்கினால் எப்போது மாறுவீர்கள்?" உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் நீங்கள் கணினி விற்பவர், நான் பத்திரிகை கொடுப்பவன். ஒரு பெண்ணின் தாத்தா பெயரில் பிழை வந்தால் அந்த வீட்டு வாசலில் நிற்கப்போவது நான். பேஜ்மேக்கருக்குப் பதிலாக நீங்கள் சொன்ன பக்க வடிவமைப்பு மென்பொருள் ஸ்கிரைபஸ் 1.6 பற்றி மட்டும் நன்றி. முன்பு 1.4 வைத்துப் பார்த்தபோது கொம்பு இடம் மாறி விழுந்தது. 1.6இல் தமிழ் ஒழுங்காகக் கோக்கிறது. ஆவணி முடிந்ததும் முயல்கிறேன்.

07.09.2025

ஆவணி நெரிசல் குறைந்திருக்கிறது. பழைய கோப்புகளை யூனிகோடாக மாற்றத் தொடங்கியிருக்கிறேன். பாமினியிலிருந்து மாற்றும் இலவசக் கருவிகள் நிறைய உண்டு. பைத்தான் நிரல்மொழி தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஓப்பன் தமிழ் தொகுப்பைக் காட்டுங்கள். என் அக்காள் மகன் கல்லூரி விடுமுறையில் வந்து ஒரு சிறு நிரல் எழுதிக் கொடுத்தான், கோப்புறை முழுவதையும் ஒரே தடவையில் மாற்றுகிறது.

மாற்றியதும் முதல் தொல்லை: மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் உள்ள பட்டம். அது ஆங்கில எழுத்துருவில் இருந்தது. கருவிக்கு அது தெரியாது. ஆங்கில எழுத்து எதைப் பார்த்தாலும் தமிழாக்கிவிடும். பொறியியல் பட்டம் எந்த மொழியிலும் இல்லாத ஒரு சொல்லாகி நின்றது. எழுத்துருப் பெயரையும் சேர்த்துப் பார்க்கும்படி நிரலைத் திருத்த வேண்டியிருந்தது. வெறும் உரையாக ஒட்டி மாற்றுபவர்கள் பட்டங்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் கட்டாயம் கண்ணால் பாருங்கள்.

14.09.2025

இரண்டாம் தொல்லை இதைவிட நுணுக்கமானது. ஒரு வாரம் கழித்துத்தான் கண்ணில் பட்டது.

'கௌரி' என்ற பெயரைத் தேடினேன். பத்துப் பதினைந்து பத்திரிகையில் இருக்க வேண்டிய பெயர். ஒன்றும் வரவில்லை. கோப்பைத் திறந்து பார்த்தால் பெயர் பளிச்சென்று இருக்கிறது. கண்ணுக்கு முன்னால் இருக்கும் பெயர் தேடலுக்குக் கிடைக்கவில்லை.

பாமினியில் ஔகாரத்தைக் கொம்பு, க, பிறகு 'ள' என்று அடிப்போம். பார்வைக்குச் சரியாக இருக்கும். யூனிகோடில் ஔகாரக் குறி தனி எழுத்து. ள-வைப் போலத் தோன்றும், ஆனால் ள இல்லை. கருவி அதை அப்படியே பிரித்து, கெ, ள, ரி என்று வைத்துவிட்டது. மூன்றெழுத்து 'கெளரி'. தாளில் இரண்டுக்கும் வித்தியாசம் காண்பது அரிது. கணினிக்கு இரண்டும் இரண்டு பெண்கள். அகரவரிசைப்படுத்தினால் ஒருத்தி 'கெ'வில், இன்னொருத்தி 'கௌ'வில்.

கெள, மெள, செள எல்லாவற்றையும் கண்மூடித்தனமாக மாற்றவும் முடியாது. 'கெளுத்தி' மீன் இருக்கிறதே. மாற்றினால் அது 'கௌுத்தி' என்று உடைந்துபோகும். ள-வுக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் தொடாதே என்று ஒரு விதி சேர்த்தோம். மிச்சத்தை அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

15.09.2025

'ஸ்ரீ'யும் அப்படியே. ஸ வைத்து எழுதுவது ஒன்று, 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶ வைத்து எழுதுவது இன்னொன்று. தோற்றம் ஒன்று, உள்ளே வேறு. எங்கள் பத்திரிகைகளில் ஸ்ரீ இல்லாத கோயில் ஏது? ஏதாவது ஒன்றை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிடுங்கள். நாங்கள் ஸ வைத்துக்கொண்டோம்.

14.10.2025

இன்றோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிகிறது. வீட்டுப் பயனாளர்கள் பதிவு செய்துகொண்டால் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் 13 வரை கிடைக்கும். உடனே மாற முடியாதவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எங்கள் இரண்டாவது கணினிக்கு அது தேவைப்படவில்லை. போன வாரம் அதிலும் மின்ட் போட்டுவிட்டேன், இம்முறை 22.2. பழைய பேஜ்மேக்கர் டப்பா மட்டும் அதற்குள் இருக்கிறது.

ஒன்று மனதை அறுக்கிறது. 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தது. கூடவே தமிழ் இணைய மாநாடும் நடந்தது. அந்த ஆண்டுதான் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. நான் அந்த மாநாட்டுக்குப் போனேன். கொடிசியா வளாகத்தில் கண்காட்சி அரங்குகளைச் சுற்றினேன். திரும்பி வந்து மறுநாள் காலை பாமினியில் ஒரு பத்திரிகை அடித்தேன். அன்று தொடங்கியிருந்தால் பதினைந்து வருடக் கோப்புகள் இன்று தானாகத் திறந்திருக்கும். மின்ட்டும் விண்டோஸும் எனக்கு ஒன்றாகவே தெரிந்திருக்கும்.

இங்கே ஜூலையில் நான் எழுதிய குறிப்புகளில் கணினியை நிறையக் குறை சொல்லியிருக்கிறேன். அவற்றில் பாதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

02.11.2025

பெருந்துறையிலிருந்து ஒருவர்: "இணையத்தைத் துண்டித்துவிட்டு விண்டோஸ் 10ஐயே ஓட்டினால் என்ன? யாருக்கு நட்டம்?" ஓட்டலாம். ஆனால் வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் படமும் பெயர்ப்பட்டியலும் அனுப்புகிறார்கள், பென்டிரைவ் கொண்டுவந்து செருகுகிறார்கள். அச்சகத்துக் கணினி பஸ் நிலையத் திண்ணை மாதிரி, யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து போவார்கள். துண்டித்து வைக்க எங்களால் முடியாது. கணக்கு மட்டும் எழுதும் கணினி என்றால் உங்கள் வழி சரி.

23.11.2025

அக்கா இன்று ஒரு திருமணப் பத்திரிகையைத் தமிழ்99இல் தொடக்கம் முதல் முடிவு வரை அடித்தார். 'நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடம்' என்று தொடங்கியபோது தொலைபேசியில் மகளோடு பேசிக்கொண்டிருந்தார். பேச்சு நிற்கவில்லை. நான் நாட்காட்டியைப் பார்த்தேன். ஜூலை 23இல் தொடங்கியது, சரியாக நாலு மாதம். அப்பாவிடம் சொன்னேன். "நான் என்ன சொன்னேன்" என்றார், அவ்வளவுதான்.

11.01.2026

மார்கழியின் பாரியூர் குண்டம் (தீமிதி) திருவிழாவுக்கான துண்டறிக்கைகளை முழுக்க மின்ட்டில், முழுக்க யூனிகோடில் முடித்துக் கொடுத்தோம். காங்கேயத்து நண்பர் மீண்டும் கேட்டிருக்கிறார்: தொடங்குவதானால் எதில் தொடங்குவது?

நான் செய்ததைத் தலைகீழாகச் செய்யுங்கள். விண்டோஸ் 10 ஓடிக்கொண்டிருக்கும்போதே, பேஜ்மேக்கர் உயிரோடு இருக்கும்போதே, கோப்புகளை யூனிகோடாக மாற்றிவிடுங்கள். தட்டச்சு செய்பவருக்கு அதே பழகிய கணினியில் தமிழ்99 பழக நாலு மாதம் கொடுங்கள். எல்லாவற்றையும் பிடிஎஃப் ஆகவும் ஒரு பிரதி வையுங்கள். அதன் பிறகு இயங்குதளத்தை மாற்றுங்கள். அப்போதுதான் அது ஒரு மணி நேர வேலை. நான் எல்லாவற்றையும் ஒரே ஆடியில் செய்யப் பார்த்தேன். அந்தப் பாரம் முழுவதும் ஒருவருடைய விரல்மேல் விழுந்தது.

18.01.2026

இன்னும் 212 கோப்புகள் பாக்கி. 2000க்கு முன் அப்பா வாங்கிய முதல் கணினியில் அடித்தவை. பாமினி இல்லை, வேறு ஏதோ எழுத்துரு. அது இருந்த பிளாப்பி பூஞ்சை பிடித்துவிட்டது. கருவிகள் எதுவும் இதைச் சரியாக மாற்றவில்லை. உரை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகக் கிடக்கிறது.

நேற்று அப்பா பரணிலிருந்து ஒரு கட்டு மாதிரி அட்டைகளை இறக்கினார். அந்தக் காலத்தில் அச்சிட்ட ஒவ்வொன்றிலும் ஒன்றை எடுத்து வைத்திருக்கிறார். அக்கா திரையில் உள்ள குவியலைப் பார்த்து, விசைப்பலகை இல்லாத வெறும் மேசையில் விரலை ஓட்டினார். "இது தட்டச்சு வரிசைதான் தம்பி. ஷிப்ட் விசையோடு வருபவை மட்டும் மாறியிருக்கின்றன" என்றார். இப்போது அவர் மேசையில் தட்டித் தட்டி எழுத்தைச் சொல்கிறார், நான் அட்டையோடு ஒப்பிட்டு அட்டவணையில் எழுதுகிறேன். தமிழ்99 பழகிய பிறகு பழைய வரிசை மறந்துவிடுமோ என்று பயந்தாராம். மறக்கவில்லை.

உயிர் முடிந்தது. மெய்யில் 'ஞ' வரை வந்திருக்கிறோம். ஷிப்ட் வரிசையில் 'ஹ'வும் 'க்ஷ'வும் இன்னும் பிடிபடவில்லை. அந்தக் காலத்து எழுத்துரு அட்டவணை யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.